கைநாட்டும் கைரேகையும்

பொங்கல் முடிந்து சில வாரங்கள் கழித்து ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவுடன் ரேஷன் கடைக்கும் போனேன். எங்கள் தருமபுரிப் பக்கத்தில் அது புளி உடைக்கும் பருவம். ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை தட்டி எடுத்தால் கிலோ கணக்கில் கூலி. முப்பது ஆண்டுகளாக அம்மாவின் கைகள் அந்தப் புளிப்பில்தான் ஊறிக் கிடக்கின்றன. கைரேகை மிஷினில் கட்டைவிரலை வைத்தார். சிவப்பு விளக்கு. ஆள்காட்டி விரல். மீண்டும் சிவப்பு.

"கைய நல்லா தொடச்சிட்டு வைம்மா. எத்தன வாட்டி சொல்றது உனக்கு?" என்றார் விற்பனையாளர். அவருக்கு என் வயதுதான் இருக்கும். முன்னால் நின்ற ஊர்த்தெரு அம்மாவை "வாங்கக்கா" என்று அழைத்தவரும் அவர்தான். அம்மா முந்தானையில் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்தார். "நாளைக்கு வா" என்று பதில் வந்தது. ஒரு நாள் கூலி போனது. திரும்பும் வழியில் நேரம் பார்க்க என் கைபேசியில் விரலை வைத்தேன். இமைக்கும் நேரத்தில் திறந்துகொண்டது. பத்தாண்டுகளாகத் தாளும் கணினியும் மட்டுமே தொட்ட ஆராய்ச்சி மாணவனின் விரல் இது.

கையெழுத்துப் போடத் தெரியாதவரை நம் ஊரில் 'கைநாட்டு' என்பார்கள். எழுத்தை மறுத்தவர்களே, மறுக்கப்பட்டவர்கள்மேல் எறிந்த வசைச்சொல் அது. இன்று அதே கட்டைவிரல் வசதி படைத்தவர் கையில் நவீனத்தின் அடையாளம். கைநாட்டு வைத்தே வாழ்ந்தவர்களின் விரலையோ மிஷின் ஏற்க மறுக்கிறது.

இந்தக் கருவியின் கதை நம் மண்ணில்தான் தொடங்குகிறது. 1858-இல் வங்காளத்தின் ஜங்கிபூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, சாலைக்கு ஜல்லி தரும் ஒப்பந்தத்தில் ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையை மையில் தோய்த்துப் பதித்தார். பின்னாளில் பேச்சு மாறிவிடாதபடி அவரை மிரட்டி வைப்பதே நோக்கம் என்று ஹெர்ஷலே எழுதியிருக்கிறார். 1897-இல் கல்கத்தாவில் கைரேகைப் பணியகம் வந்தது. ரேகைகளை வகைப்படுத்தும் முறைக்காக உழைத்தவர்கள் அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இந்தியக் காவலர்கள். அந்த முறைக்குப் பெயர் என்னவோ அவர்களின் மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியுடையது.

அடுத்து இந்த மை யார் விரலுக்குப் போனது? 1911-ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய சமூகங்களின் விரல்களுக்கு. 1920 ஏப்ரல் 3 அன்று மதுரைக்கு மேற்கே பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர் மக்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் உள்ளிட்ட பலர் உயிரிழந்தனர். குறவர் முதலான எத்தனையோ மக்கள் 'ரேகைச் சட்டம்' என்றே அதை நினைவில் வைத்திருக்கிறார்கள்.

அதே ரேகை நுகர்பொருளானபோது அதன் குணம் மாறியது. 2004-இல் தென்கொரியாவின் பான்டெக் நிறுவனம் ரேகை உணரி பொருத்திய கைபேசியை விற்றது. அதே ஆண்டு ஐபிஎம் தன் திங்க்பேட் மடிக்கணினியில் வைத்தது. 2011-இல் மோட்டோரோலா அட்ரிக்ஸ். ஆப்பிள் 2012-இல் ஆதென்டெக் என்ற உணரி நிறுவனத்தை ஏறத்தாழ 35 கோடி டாலருக்கு வாங்கி, 2013 செப்டம்பரில் ஐபோன் 5எஸ்-இல் பொருத்தியது.

தோலின் மேடு எங்கே தொடுகிறது, பள்ளம் எங்கே விலகுகிறது என்பதை நுண்ணிய மின்தேக்கிகளால் அளப்பது கைபேசி உணரி. ஒளியால் படமெடுக்கும் கருவிகளும் உண்டு. எதுவானாலும் மேடும் பள்ளமும் தெளிவாக இருக்க வேண்டும். கல்லுடைப்பவர், செங்கல் அறுப்பவர், பெங்களூருக்குப் போய் சிமென்ட் குழைப்பவர், பிளீச்சிங் பவுடரில் கழிவறை கழுவுபவர் ஆகியோருக்கு அது தேய்ந்துபோகிறது. இந்த வேலைகளை யாருக்கு ஒதுக்குவது என்பதைச் சாதிதானே தீர்மானித்தது! மிஷினுக்குச் சாதி தெரியாது என்பார்கள். உண்மைதான். ஆனால் சாதி தேய்த்த விரலை அது தவறாமல் கண்டுபிடித்து வெளியே நிறுத்திவிடுகிறது.

குறை தொழில்நுட்பத்தில் மட்டும் இல்லை. என் கைபேசியில் ரேகை தோற்றால் உடனே கடவுஎண் கேட்கும். வாடிக்கையாளரைத் தன் பொருளுக்கு வெளியே நிறுத்த முடியாது என்று நிறுவனத்துக்குத் தெரியும். அதனால் முதல் நாளிலேயே மாற்றுவழி வைத்தது. என் ரேகையின் பதிவும் அந்தக் கைபேசியை விட்டு வெளியேறுவதில்லை. அம்மாவின் ரேகையோ எங்கோ இருக்கும் ஆதார் சேமிப்பகத்தோடு ஒப்பிடப்பட வேண்டும். நான் உரிமையாளர் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறது கைபேசி. அம்மா திருடியாக இருக்கலாம் என்ற ஐயத்தில் தொடங்குகிறது ரேஷன் மிஷின். 1911-இன் மை இன்னும் காயவில்லை.

'கள்ளத்தனத்தைத் தடுக்க வேண்டாமா?' என்று கேட்பார்கள். தடுக்கத்தான் வேண்டும். எடையைக் குறைப்பதையும் மூட்டையைக் கடத்துவதையும் அம்மாவின் கட்டைவிரல் எப்படித் தடுக்கும்? 2017-இல் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில், ஆதார் இணைக்காததால் குடும்ப அட்டை நீக்கப்பட்ட வீட்டில் 11 வயதுச் சிறுமி இறந்தாள். பட்டினி என்றார் தாய். இல்லை என்றது அரசு. அதே ஆண்டு அக்டோபரில், ரேகை ஒத்துவரவில்லை என்பதற்காக எவருக்கும் உணவுப்பொருள் மறுக்கக் கூடாது என்று ஒன்றிய உணவுத்துறை மாநிலங்களுக்கு எழுதியது. ஆணை தாளில் இருக்கிறது. கவுண்டரில் 'நாளைக்கு வா' இருக்கிறது.

நாம் கேட்பது சலுகை அல்ல. ரேகை தோற்ற அதே நிமிடத்தில், அதே கவுண்டரில், பதிவேட்டில் எழுதிப் பொருளைக் கொடுக்க வேண்டும். அந்த விதி கடை வாசலில் பெரிய தமிழ் எழுத்தில் எழுதி ஒட்டப்பட வேண்டும். மறுக்கப்பட்ட ஒவ்வொரு முறையும் கணக்கில் ஏறி, மாதந்தோறும் கிராமசபையில் கடைவாரியாக வாசிக்கப்பட வேண்டும்.

மறுநாளும் அம்மா போனார். இரவெல்லாம் தேங்காய் எண்ணெய் தடவி வைத்திருந்த விரலை மூன்றாம் முறை மிஷின் ஏற்றுக்கொண்டது. அரிசிப் பையோடு வந்தவர், தன்மேல்தான் ஏதோ குற்றம் இருந்ததுபோல், "இன்னிக்கி ஒத்துக்கிச்சுப்பா" என்றார். அம்மா, ஒத்துக்கொள்ள வேண்டியது உன் விரல் அல்ல.