தேர்வுத்தாள் மாறாமல் ஆய்வகம் திறக்காது

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு அறிவியல் தேர்வின் 100 மதிப்பெண்ணில் 25 செய்முறைக்கு உரியது. பல பள்ளிகளில் அது எப்படி வழங்கப்படுகிறது என்பது ஊரறிந்த சங்கதி. ஆண்டின் கடைசி வாரங்களில் ஆசிரியர் மேசைமீது சோதனைகளைச் செய்துகாட்டுகிறார். ரெக்கார்டு நோட்டு ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதி நிரம்புகிறது. மீதி 75 மதிப்பெண் ‘புக் பேக்’ கேள்விகளை நம்பி நிற்கிறது. 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்குச் சோதனைப் பொருள்களோடு கருத்தாளர்களை அனுப்புகிறது. நல்ல முயற்சி. ஆனால் அந்தப் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்புக்குள் நுழைந்ததும் பொதுத்தேர்வின் நிழல் விழுந்துவிடுகிறது. பெட்டிகள் வழங்குவதோடு நிற்காமல், செய்துபார்த்தவர் மட்டுமே நன்றாக எழுதக்கூடிய கேள்விகளை எழுத்துத் தேர்விலேயே வைக்க வேண்டும் என்பது நம் நிலைப்பாடு.

இதற்கு முன்னுதாரணம் இந்தியாவிலேயே இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம், 1978இல் மாவட்டம் முழுவதற்கும் விரிந்தது. பின்னர் வேறு மாவட்டங்களுக்கும் பரவியது. தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் கோத்து வடிவங்கள் செய்யும் முறையை அரவிந்த் குப்தா உருவாக்கியது அங்கேதான். குச்சிகளால் கட்டிய சதுரம் தொட்டால் சாய்ந்துவிடும், முக்கோணம் அசையாது. மின்கோபுரங்களில் ஏன் அத்தனை முக்கோணங்கள் என்ற கேள்விக்குப் பிள்ளையின் கையிலேயே விடை இருக்கும். இந்த மலிவுப் பொருள்களைத்தான் எல்லாரும் பாராட்டுவார்கள். அதைவிடத் துணிச்சலானது அத்திட்டத்தின் தேர்வு முறை. புத்தகத்தையும் குறிப்பேட்டையும் திறந்துவைத்து எழுதலாம். செய்முறைக்குத் தனித் தேர்வும் உண்டு. வகுப்பில் சோதனை செய்யாத ஆசிரியரின் மாணவர்கள் அங்கே தப்ப முடியாது. முப்பது ஆண்டுகள் நடந்த திட்டத்தை 2002இல் மாநில அரசு மூடியது. மூடியவர்கள் அதை வழக்கமான பாடத்திட்டத்தின் அளவுகோலால் அளந்தார்கள் என்பதே நம் கருத்து.

செய்முறையால் மட்டும் அறிவு வளர்ந்துவிடுமா என்று கேட்பவர்களைப் புறந்தள்ள முடியாது. இங்கிலாந்துப் பள்ளிகளில் செய்முறை நடந்த 25 வகுப்புகளை ஆராய்ந்து ஆப்ரஹாம்ஸும் மில்லரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு இந்தச் சந்தேகத்துக்கு வலுச் சேர்க்கிறது. கருவிகளை வைத்துச் சொன்னதைச் செய்வதில் மாணவர்கள் பெரும்பாலும் குறை வைக்கவில்லை. அதன் பின்னுள்ள கருத்தைக்கொண்டு யோசிப்பதுதான் அரிதாக இருந்தது. கை ஓடியது, மூளை ஓடவில்லை. செய்முறையைக் கைவிடுவதற்கான சான்று அல்ல இது. கேள்வி எப்படிப்பட்டது என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்பதற்கான சான்று.

குவிலென்சின் குவியத்தொலைவு காணும் சோதனையை எடுத்துக்கொள்வோம். ‘வரையறுக்க’ என்றால் மனப்பாடம் போதும். ஜன்னலுக்கு வெளியே தூரத்து மரத்தின் பிம்பத்தைத் தாளில் விழவைத்த மாணவிக்கு 10 செ.மீ. கிடைத்தது; அதே லென்சால் இரண்டு மீட்டர் தள்ளியிருந்த டியூப்லைட்டை வைத்துப் பார்த்தவனுக்குப் பத்தரை கிடைத்தது; யார் அளந்தது சரி என்று கேட்டால்? இருவரும் சரியாகவே அளந்திருக்கிறார்கள். ஆனால் டியூப்லைட் ‘தொலைப்பொருள்’ ஆகும் அளவுக்குத் தொலைவில் இல்லை. லென்சைக் கையில் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்திய பிள்ளைக்கு இது உடனே பிடிபடும். இதற்கும் கைடு வந்துவிடும் என்பார்கள். வரட்டும், அளவீடுகளை ஆண்டுதோறும் மாற்றலாம், அட்டவணையில் ஒரு தவறான அளவை ஒளித்துவைத்துக் கண்டுபிடிக்கச் சொல்லலாம்.

கணித ஆசிரியர்களின் ஆட்சேபணை இன்னும் கூர்மையானது. வளையல், தட்டு, டப்பா எல்லாவற்றையும் நூலால் சுற்றி அளந்து விட்டத்தால் வகுத்தால் 3.1, 3.2 என்று வருமே தவிர ‘பை’ வராது. அளவீடு நிரூபணம் ஆகாது. முற்றிலும் உண்மை. ஆனால் எந்த வட்டத்தை எடுத்தாலும் மூன்றுக்குச் சற்று மேலேயே வந்து நிற்பதைக் கண்ட மாணவிதான் ‘ஏன்’ என்று கேட்பாள். நிரூபணம் அந்தக் கேள்விக்கான பதில். கேள்வியே எழாத வகுப்பில் கரும்பலகையில் எழுதப்படும் நிரூபணமும் மனப்பாடச் செய்யுளாகிவிடுகிறது.

செலவு பெரிய தடை அல்ல. நேரம்தான் தடை. ஒரு பீரியடில் பொருள்களைப் பிரித்துக்கொடுப்பதற்குள் மணி அடித்துவிடும். வாரத்தில் ஒருமுறையாவது இரண்டு பீரியடுகள் சேர்ந்தாற்போல் வேண்டும். அதற்குச் சில பாடங்களைக் குறைத்தே ஆகவேண்டும். நுழைவுத் தேர்வைக் காட்டிப் பெற்றோர் தயங்குவதும் இயல்பு. செய்துபார்த்தால் நீட் மதிப்பெண் கூடும் என்று நாம் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் பத்தாம் வகுப்புக்குப் பின் வணிகவியலுக்கும் கலைப் பிரிவுக்கும் தொழிற்கல்விக்கும் போகும் பிள்ளைகளுக்குப் பள்ளி அறிவியலின் கடைசி ஆண்டு இதுதான். அவர்களுடைய அறிவியலை வேறொருவரின் நுழைவுத் தேர்வு தீர்மானிப்பது நியாயமில்லை.

முதல் ஆண்டில் 75இல் 15 மதிப்பெண்ணை இத்தகைய கேள்விகளுக்கு ஒதுக்கி, ரெக்கார்டு நோட்டைத் திறந்துவைத்து எழுத அனுமதிக்கலாம். நோட்டில் சொந்த அளவீடு இருந்தால்தான் அது உதவும் என்னும்போது பார்த்து எழுதுவதில் யாருக்கும் லாபமில்லை. மாதிரி வினாத்தாளும் ஆசிரியர் பயிற்சியும் ஜூனிலேயே பள்ளிகளுக்குப் போய்ச் சேர வேண்டும். அப்போதுதான் அந்த ஆண்டின் நேர அட்டவணையைத் தலைமையாசிரியர்கள் அதற்கேற்பப் போட முடியும்.