கிருமி இல்லாத சீழ்

சொரியாசிஸ் என்றால் முழங்கையிலும் தலையிலும் செதில் உதிரும். அரிக்கும், நாலு பேர் முன்னால் கூச வைக்கும், உயிருக்கு ஒன்றும் ஆகாது. பொதுவான எண்ணம் இது. பெரும்பாலோருக்குச் சரியும்கூட. ஆனால் அதற்குக் கொடிய வடிவங்கள் இரண்டு உண்டு. ஒன்றில் உடல் முழுக்கத் தோல் சிவந்து உரியும். மற்றதில் காய்ச்சலோடு சீழ்க்கொப்புளங்கள் கிளம்பும். லியோ ஃபான் சும்புஷ் என்ற மருத்துவர் 1910இல் விவரித்தது இதைத்தான்.

நோயறிதல் தடுமாறுவதும் இங்கேதான். குளிர் நடுக்கம், எகிறிய வெள்ளணுக்கள், தோலெங்கும் சீழ். யார் பார்த்தாலும் கிருமித் தொற்று என்பார்கள், ஆன்டிபயாடிக் ஏறும். காய்ச்சலோ இறங்காது. உடையாத புதுக் கொப்புளத்திலிருந்து சீழெடுத்து கல்ச்சருக்கு அனுப்பினால் எதுவும் வளராது. அத்தனையும் உடலின் சொந்த வெள்ளணுக்கள். அழற்சியைத் தூண்டும் ஐ.எல்.-36 என்ற புரதத்துக்கான கடிவாளம் சிலருக்குப் பிறவியிலேயே பழுது என்பது, 2011இல் துனிசியக் குடும்பங்களை ஆராய்ந்தபோது தெரியவந்தது.

மரபணுச் சோதனைக்கு முன்பே கேட்கக்கூடிய, காசு செலவில்லாத கேள்வி ஒன்று இருக்கிறது: “என்ன மாத்திரை சாப்பிட்டீங்க, எப்ப நிறுத்தினீங்க?” பெயர் தெரியாத சின்ன மாத்திரையில் படை சட்டென்று அடங்கியிருக்கும். அது ஸ்டீராய்டு. திடீரென நிறுத்தினால் நோய் பல மடங்காகத் திரும்பி, சீழ்க்கொப்புள வடிவமே எடுத்துவிடலாம். பிரிட்டனில் 104 நோயாளிகளை ஆராய்ந்த பேக்கரும் ரயனும் 1968லேயே இதைச் சுட்டிக்காட்டினார்கள்.

தோல் இப்படிக் குலைந்தால் நீரும் புரதமும் வெப்பமும் உடலைவிட்டு வெளியேறும். இதயம் திணறும், கால்சியம் இறங்கும், ரத்தத்தில் தொற்று பரவும். எனவே முதல் சிகிச்சை வெதுவெதுப்பான வார்டு, சலைன், உடலெங்கும் வெறும் பாரஃபின் களிம்பு. பிறகுதான் சைக்ளோஸ்போரின், அசிட்ரெடின் (கருத்தரிக்கக்கூடிய பெண்களுக்குக் கூடவே கூடாது), இன்ஃப்ளிக்சிமாப். ஐ.எல்.-36 வழியை அடைக்கும் ஸ்பெசோலிமாப் 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 53 பேரிடம் நடந்த சோதனையில், ஒரே ஊசியில், ஒரு வாரத்தில் 54 விழுக்காட்டினருக்குக் கொப்புளமே தெரியவில்லை. போலி மருந்து பெற்றவர்களில் 6 விழுக்காடுதான். அருமையான மருந்து. ஆனால் தொற்று என்றே வைத்தியம் ஓடிக்கொண்டிருந்தால் அது யார் நினைவுக்கும் வராது.

ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018இல் உத்தரவிட்டது. மாத்திரைக்கு அந்த விதி முன்பே உண்டு. இருந்தும் பட்டை பிரித்த மாத்திரைகள் காகிதப் பொட்டலத்தில் மடித்துத் தரப்படுகின்றன. மருந்தின் பெயரையும், அளவை எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்பதையும் பொட்டலத்தின் மேலேயே எழுதித் தருவது மருத்துவருக்கு அரை நிமிட வேலை. அதைக் கட்டாயமாக்குவதில் சுகாதாரத் துறைக்கு என்ன தயக்கம்?