ஸ்பீக்கர் ஆன் ஆகலைன்னா முதல்ல பிளக்கைத் திறந்து பாருங்க

இது கொஞ்சம் நீளமான பதிவு. கோவிலுக்கு வர்றவங்க, கோவில்ல தொண்டு செய்யறவங்க ரெண்டு பேருமே கடைசி வரைக்கும் படிச்சிடுங்க. யாரையும் குத்திக் காட்ட எழுதலை. அப்படிக் குத்த வேண்டிய ஆள் ஒருத்தர் இருந்தா, அது நான்தான்.

ஆடி மாதக் கடைசி வெள்ளி. எங்க அம்மன் கோவில்ல அன்னைக்குத்தான் கூட்டம் அதிகம். ஏழு மணிக்குத் தீபாராதனை. ஆறே முக்காலுக்கு மைக் டெஸ்ட் பண்ணப் போனா ரெண்டு ஸ்பீக்கரும் ஆன் ஆகலை. மிக்ஸர்ல லைட் எரியுது, ஸ்பீக்கர்ல ஒரு பொட்டு வெளிச்சம் கூட இல்லை. மதியம் வரைக்கும் நல்லா பாட்டு ஓடின ஸ்பீக்கர்.

மைக் செட்டைப் பார்த்துக்கிறது ஒரு படிவம் ஐந்து பையன். ரெண்டு வருஷமா எல்லா வெள்ளிக்கிழமையும் வந்துடுவான். அன்னைக்கு எல்லாரும் அவனைச் சுத்தி நின்னுட்டோம். "என்னடா தொட்டே?" "சத்தத்தைக் கூட்டி வச்சு எரிச்சிட்டான்" அப்படின்னு ஆளாளுக்குப் பேச்சு. அவன் ஏதோ சொல்ல வந்தான். "காரணம் சொல்லாதே தம்பி, உன்னை நம்பித்தானே விட்டோம்" என்று அத்தனை பேர் முன்னாடி நான் சொன்னேன். அவன் வாயை மூடிக்கிட்டான்.

தீபாராதனை மைக் இல்லாமலே நடந்தது. குருக்கள் ஐயா குரலை உயர்த்திச் சொன்னார், முன்னாடி நின்னவங்களுக்குக் கேட்டது. எட்டு மணிக்கு வாடகை செட் வந்தது. 400 ரிங்கிட். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துல "பழைய ஸ்பீக்கர் போயிடுச்சு, புதுசு வாங்கணும், உபயம் கேட்கலாம்" என்று பேச்சு வந்தது. 6,000 ரிங்கிட் வரைக்கும் கணக்குப் போட்டாச்சு.

அப்போ சாமி கும்பிட வந்த ஒரு பெரியவர், ஓய்வு பெற்ற வயர்மேன், ஓரமா நின்னு கேட்டுட்டு இருந்தார். "ஏன்யா, எக்ஸ்டென்ஷன் பிளக்கைத் திறந்து பார்த்தீங்களா?" என்று கேட்டார். யாரும் பார்க்கலை. அவரே சுவர்லேர்ந்து பிளக்கைப் பிடுங்கி, ஸ்குரூ டிரைவரால திறந்து, உள்ளே இருந்த 13 ஆம்பியர் ஃபியூஸை மாத்தினார். ரெண்டு ஸ்பீக்கரும் ஆன் ஆயிடுச்சு. ஹார்ட்வேர் கடையில ஓரிரு வெள்ளிக்குக் கிடைக்கிற சாமான்.

நடந்தது இதுதான். ரெண்டு ஸ்பீக்கரும் ஒரே எக்ஸ்டென்ஷன்ல இருந்தது. மிக்ஸர் வேற சுவர் பாயிண்ட்ல இருந்தது. சாயங்காலம் சமையல்கட்டுல இடம் பத்தாம, அதே எக்ஸ்டென்ஷன்ல தண்ணீர் கொதிக்க வைக்கிற பெரிய பாத்திரத்தையும் பெரிய ரைஸ் குக்கரையும் சேர்த்துச் செருகிட்டாங்க. 230 வோல்ட்டுல 13 ஆம்பியர்னா சுமார் 3,000 வாட்தான் தாங்கும். இந்த ரெண்டும் சேர்ந்தா அதைத் தாண்டிடும். ஃபியூஸ் அதன் கடமையைச் செஞ்சுட்டு அறுந்துடுச்சு. மெயின் பாக்ஸ்ல எந்த சுவிட்சும் விழலை, ஏன்னா சுவர் பாயிண்ட்டுங்களுக்கு அங்கே இருக்கிற சுவிட்சோட அளவு இதைவிடப் பெருசு. அதனாலதான் "கரண்ட் எல்லாம் இருக்கே, அப்போ ஸ்பீக்கர்தான் கெட்டுடுச்சு" என்று முடிவு கட்டிட்டோம்.

சமையல்கட்டு அக்காங்க மேல தப்பு சொல்ல முடியாது. எது எதுக்கு உள்ள பாயிண்ட் என்று யாரும் எழுதி ஒட்டலை.

பையன் வீட்டுக்குப் போனேன். அடுத்த ரெண்டு வெள்ளியும் அவன் வரலை. "டியூஷன் இருக்குங்க அண்ணே" என்று அவங்க அம்மா சொன்னாங்க. அவன்கிட்ட மன்னிப்பு கேட்டேன். அவன் சொன்னது ஒரே ஒரு விஷயம்: "அண்ணே, அக்காங்க அந்த வயர்ல கரண்ட் இல்லைன்னு குக்கரை வேற பாயிண்ட்டுக்கு மாத்துனதை நான் பார்த்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன்."

விடை அவன் கையில இருந்திருக்கு. நான்தான் அவன் வாயை அடைச்சேன்.

அதனால என் கருத்தைச் சொல்லிடறேன். பெரும்பாலான கோவில்கள்ல ஸ்பீக்கர் ஆன் ஆகலைன்னா நாம முதல்ல தேடறது பழுதை இல்லை, பழி போட ஒரு ஆளைத்தான். இது ரெண்டையும் மாத்திப் பழகினா காசும் மிச்சம், பிள்ளைகளும் மிச்சம்.

பழுதைத் தேடறது பெரிய வித்தை இல்லை. ஆம்பிளிஃபையர் உள்ளேயே வச்ச ஸ்பீக்கர்னா இந்த வரிசையில பாருங்க.

ஒன்னு. லைட்டே வரலையா, லைட் வந்தும் சத்தம் வரலையா? ரெண்டும் வேற வேற பிரச்சினை. லைட் இருந்தா கரண்ட் வருது. அப்போ மைக் வயர், மிக்ஸர், ஸ்பீக்கர் பின்னாடி உள்ள வால்யூம் இதைப் பாருங்க. சில ஸ்பீக்கர் கொஞ்ச நேரம் சத்தம் வராட்டி தானே தூங்கிடும், பாட்டு போட்டா எழுந்துக்கும்.

ரெண்டு. லைட்டே இல்லைன்னா, அதே பாயிண்ட்ல ஒரு போன் சார்ஜரைச் செருகிப் பாருங்க. சார்ஜரும் வேலை செய்யலைன்னா அந்தப் பாயிண்ட்டுக்குக் கரண்ட் வரலை, பெரும்பாலும் ஸ்பீக்கர் மேல குத்தம் இருக்காது. சுவர் சுவிட்ச், எக்ஸ்டென்ஷன் சுவிட்ச், பிளக் ஃபியூஸ், மெயின் பாக்ஸ் என்று பின்னாடி போங்க.

மூணு. சார்ஜர் வேலை செஞ்சா, ஸ்பீக்கர் வயரை மாத்திப் பாருங்க. பல ஸ்பீக்கருக்குக் கம்ப்யூட்டருக்குப் போடற அதே வயர்தான். பாதி நேரம் அது பின்னாடி லூஸா இருக்கும், நல்லா அழுத்துங்க. நீலத் தலை வச்ச வயர்னா செருகினா மட்டும் போதாது, 'கிளிக்' சத்தம் வர வரைக்கும் திருகணும்.

நாலு. இன்னும் வரலைன்னா, வயரை முழுசாப் பிடுங்கிட்டு, அது செருகற இடத்துல சின்ன ஃபியூஸ் டப்பா இருக்கான்னு பாருங்க. உள்ளே கண்ணாடி ஃபியூஸ்ல கம்பி அறுந்திருந்தா, அதுல பொறிச்சிருக்கிற அதே அளவு, அதே வகை ஃபியூஸைப் போடுங்க. ஒரு தடவைதான். மறுபடியும் அறுந்தா உள்ளே கோளாறு. கண்ணாடி கறுத்துப் போயிருந்தாலும் அப்படித்தான். அதோட நிறுத்திட்டு ரிப்பேருக்குக் கொடுங்க.

வெளிநாட்டுலேர்ந்து வந்த பழைய ஸ்பீக்கர்னா பின்னாடி 115, 230 என்று மாத்தற சுவிட்ச் இருக்கலாம். நம்ம நாட்டுக்கு 230 பக்கம் இருக்கணும். துடைக்கும்போது கை பட்டு மாறிடாம ஒரு டேப் ஒட்டி வையுங்க.

இதுக்கு மேல தொண்டர்கள் கை வைக்க வேண்டாம். ஸ்பீக்கரைத் திறக்காதீங்க. வயரைப் பிடுங்கின பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிக்கும். சுவர் வயரிங், மெயின் பாக்ஸ் உள்பக்கம் எல்லாம் எரிசக்தி ஆணையத்துல பதிவு பெற்ற வயர்மேன் வேலை.

இன்னும் மூணு விஷயம் கண்ணால பார்த்திருக்கேன், அதனால சொல்றேன். அறுந்த ஃபியூஸ் மேல சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுத்திப் போடறது. மூணு கால் பிளக்ல எர்த் காலை உடைச்சிடறது. சுவர் பாயிண்ட்டோட மேல் ஓட்டையில பேனாவை விட்டு ரெண்டு கால் பிளக்கைச் செருகறது. வீட்டுலயே ஆபத்து. கோவில்ல? அபிஷேகத் தண்ணியும் இளநீரும் ஓடற தரை, வெறுங்காலோட நிக்கிற ஜனங்க, கையில பால்குடம், பக்கத்துல இரும்புக் கம்பி. அங்கே ஃபியூஸும் எர்த்தும்தான் நம்ம காவல். ஸ்பீக்கர் நின்னுட்டா பூசை நிக்காது. குருக்கள் ஐயா குரல் போதும். ஒரு உயிர் போனா எந்தப் பரிகாரமும் இல்லை.

"கோவில் வேலையில இவ்வளவு கண்டிப்பு எதுக்கு, அம்மா பார்த்துக்குவா" என்று சிலர் சொல்வீங்க. அம்மா பார்த்துக்கிட்டதாலதான் அன்னைக்கு ஃபியூஸ் அறுந்தது, வயர் எரியலை. அவள் கொடுத்த எச்சரிக்கையை நாம புரிஞ்சுக்கணும்.

"6,000 ரிங்கிட் உபயமா வந்துடும், புதுசே வாங்கலாமே" என்றும் சொல்றாங்க. வரும். நம்ம ஜனங்க மனசு அப்படி. ஆனா அந்தக் காசுல மாசச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவு பண்றவங்க போடற 10 ரிங்கிட்டும் இருக்கு. ஃபியூஸைப் பார்க்காம அவங்ககிட்ட கை நீட்ட நமக்கு உரிமை இல்லை. அதே புது ஸ்பீக்கரை அதே எக்ஸ்டென்ஷன்ல செருகினா அதுவும் ஆன் ஆகியிருக்காது.

எங்க கோவில்ல இப்போ செஞ்சது: மைக் செட்டுக்குத் தனி சுவர் பாயிண்ட், அது மேல "ஸ்பீக்கர் மட்டும்" என்று தமிழ்ல எழுதி ஒட்டியாச்சு. சிரிம் முத்திரை உள்ள எக்ஸ்டென்ஷன் மட்டும்தான் பயன்பாட்டுல இருக்கு. ஒரு பிஸ்கட் டின்ல சரியான அளவு ஃபியூஸ், உபரி வயர், ஸ்குரூ டிரைவர். சாயங்காலம் இடி மழை வந்தா, இடிக்கு முன்னாடியே பிளக்கைப் பிடுங்கிடறோம். ஸ்பீக்கர் பின்னாடி படியற விபூதித் தூசியை மாசம் ஒரு தடவை உலர்ந்த துணியால துடைக்கிறோம். மைக் டெஸ்ட் ஒரு மணி நேரம் முன்னாடியே முடிஞ்சிடணும். எல்லாம் சேர்த்து, வாடகை செட்டுக்குக் கொடுத்த 400 ரிங்கிட்டுக்குள்ளே முடிஞ்சிடுச்சு.

கடைசியா ஒரு விதி, அதை எழுதி ஒட்ட முடியாது. ஏதாவது கெட்டுப் போனா, அதைப் பார்த்துக்கிற பிள்ளையை முதல்ல பேச விடணும்.

இளைஞர்கள் கோவிலுக்கு வர்றதில்லை என்று எல்லாக் கூட்டத்துலயும் புலம்புறோம். வந்த ஒருத்தனை நாமளே எப்படி அனுப்பி வைக்கிறோம் என்று இப்போ எனக்குத் தெரியும். ஸ்பீக்கருக்கு ஃபியூஸ் கடையில கிடைக்குது. அவனுக்கு எங்கே போய் வாங்குறது?

போன வெள்ளி அவன் வந்தான். மைக் பக்கம் போகலை. அவங்க அம்மாவோட நின்னு சாமி கும்பிட்டுட்டுப் போயிட்டான். நான் கூப்பிடலை, சிரிச்சேன். அவனும் லேசா சிரிச்சான். பிஸ்கட் டின் அவன் உட்கார்ற இடத்துலயே இருக்கு.

உங்க கோவில்லயும் அப்படி ஒரு பிள்ளை இருப்பான். இந்த வெள்ளி அவன்கிட்ட போய், "தம்பி, இந்த செட் எப்படி வேலை செய்யுது, எனக்கும் சொல்லிக் கொடு" என்று கேட்டுப் பாருங்க.

ஓம் சக்தி.