கருநீலச் சுவரும் கரி படிந்த சமையலறையும்

"சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்" என்பது நம் முன்னோர் வாக்கு. சித்திரம்கூட வேண்டாம், சுவரின் நிறமே போதும் என்கிறது இக்காலம். புது வீடு கட்டுவோரும் பழைய வீட்டைப் புதுப்பிப்போரும் கூடத்துக்குக் கருநீல வர்ணம் பூச ஆசைப்படுகின்றனர். வெள்ளையும் இளமஞ்சளும் கண்டு பழகிய பெரியோரோ, "வீடு இருண்டுவிடும்" என்று தடுக்கின்றனர். இவ்விரு கட்சிகளில் எது சரி? நமது தாழ்மையான கருத்தை இங்கே கூற விழைகிறோம்.

முதலில் நீலத்தின் பெருமையைச் சொல்லிவிடுவோம். முற்காலத்தில் மிகச் சிறந்த நீல வர்ணம், ஆப்கானிஸ்தானத்தின் பதக்சான் மலைகளில் கிடைத்த லாபிஸ் லசூலி என்னும் கல்லை அரைத்து எடுக்கப்பட்டது. 'கடலுக்கு அப்பாலிருந்து வந்தது' என்னும் பொருளில் ஐரோப்பியர் அதற்கு அல்ட்ராமரின் எனப் பெயரிட்டனர். பொன்னோடு ஒப்பிடும் அளவுக்கு அதன் விலை உயர்ந்திருந்தது. ஆகவே ஓவியர்கள் அதைத் தேவமாதாவின் மேலாடைக்கென்றே போற்றி வைத்தனர். புனித அந்தோனியாரால் நாம் அறிந்த பதுவை நகரில், ஜியோத்தோ என்னும் ஓவியர் 1305-ஆம் ஆண்டளவில் தீட்டி முடித்த சிற்றாலயம் ஒன்று உள்ளது. அதன் விதானம் முழுவதும் கருநீல வானமும் பொன் விண்மீன்களுமாக இன்றும் காட்சி தருகிறது.

செல்வர்க்கே உரியதாயிருந்த இந்நீலம் ஏழைக்கும் எட்டியது எவ்வாறு? 1824-இல் பிரான்சு நாட்டுச் சங்கம் ஒன்று, அதைச் செயற்கை முறையில் செய்பவருக்கு 6,000 பிராங்க் பரிசு அறிவித்தது. 1828-இல் கிமே என்பவர் அப்பரிசைப் பெற்றார். வெள்ளைத் துணிக்குப் போடும் நீலப் பொடியில் வழக்கமாக இருந்தது இந்த அல்ட்ராமரின்தான். சுண்ணாம்பில் ஒரு சிட்டிகை நீலம் கலந்து வெள்ளையடித்தால் பழுப்பு மறைந்து சுவர் பளிச்சிடும் என்பதை நம் பாட்டிமார் நன்கு அறிவர்.

எனினும், பெரியோர் சொல்லிலும் உண்மை உண்டு. வெண்சுவர் தன்மேல் விழும் ஒளியைத் திருப்பித் தருகிறது. கருநீலமோ அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. ஒரே ஜன்னல் உள்ள சிறிய அறையில் நான்கு சுவர்களுக்கும் அதைப் பூசினால் பட்டப்பகலிலும் விளக்கெரிய வேண்டியிருக்கும். ஈரச் சுவரில் உப்புப் பூத்தால், வெள்ளையில் தெரியாத திட்டுக்கள் கருநீலத்தில் நன்றாகத் தெரியும். செலவும் கூடும்.

ஆகவே, ஜன்னலுக்கு எதிரே வெளிச்சம் விழும் ஒரு சுவருக்கு மட்டும் கருநீலம் பூசுவோம். மற்ற மூன்றும் வெள்ளையாகவே இருக்கட்டும். அந்த நீலத்தின் நடுவே மாதா சொரூபத்தை வைத்து, மாலைச் செபத்துக்கு ஒரு சிறு விளக்கேற்றினால் பதுவையின் வானம் நம் இல்லத்துக்கும் வந்துவிடும்!

இதனால் மிச்சமாகும் பணத்தை என்ன செய்வது? இங்கேதான் நாம் சொல்ல வந்தது இருக்கிறது. கூடம், விருந்தினர் அரைமணி நேரம் அமர்ந்து செல்லும் இடம். சமையலறையோ நம் அன்னையர் விடியற்காலை முதல் இரவு வரை நிற்கும் இடம். பல வீடுகளில் அதன் சுவர்களில் எண்ணெய்ப் பிசுக்கும் புகைக்கரியும் ஆண்டுக்கணக்கில் படிந்து கிடக்கின்றன. கூடத்துக்கு நிறம் தேர்ந்தெடுக்க வீடே கூடிப் பேசுகிறது. "அம்மா, சமையலறைக்கு என்ன நிறம் வேண்டும்?" என்று நாம் என்றாவது கேட்டதுண்டா? இதை எழுதும் நாமும் கேட்டதில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். கிண்ணத்தின் வெளிப்புறத்தை மட்டும் கழுவுவோரை நம் ஆண்டவர் கடிந்துகொண்டதை மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். படித்து என்ன பயன்?

ஆகவே அன்புத் தோழியரே! கிறிஸ்மஸோ, பொங்கலோ, தீபாவளியோ, வீட்டுக்கு வர்ணம் பூசும் நாள் வந்தால் முதலில் சமையலறையிலிருந்து தொடங்கும்படி நம் தந்தையரை அன்போடு வேண்டுவோம். அங்கே நான்கு சுவர்களும் வெளுத்து அன்னையின் முகம் மலரட்டும். அதன்பின் கூடத்தின் ஒரு சுவர் நீலமாகட்டும். அப்போதுதான் அந்த நீலமும் அழகு பெறும்.