நாமினி என்றால் வாரிசா?

இந்த வாரம் ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு கொஞ்சம் அலசலாம். நாமினி. பொம்மசந்திராவில் கணக்குத் திறக்க வருகிறவர்களில் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்து ஆட்கள் நிறைய. படிவத்தில் அந்தக் கட்டம் வந்ததும் பலரும் கேட்பது, "வாரிசு யாரைப் போடறது சார்?" என்றுதான். சிக்கல் அந்த மொழிபெயர்ப்பிலேயே ஆரம்பித்துவிடுகிறது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். லத்தீனில் 'நோமென்' என்றால் பெயர். அதிலிருந்து வந்தது நாமினேட், அதாவது பெயர் குறிப்பிடுதல். கடைசியில் ஒட்டியிருக்கும் 'ஈ', செய்பவரைக் காட்டாது. யார்மேல் அந்தச் செயல் போகிறதோ அவரைக் காட்டும். பி.காம். படித்தவர்களுக்கு டிராயர், டிராயீ, பேயீ எல்லாம் ஞாபகம் இருக்கும். அதே குடும்பம்தான் இதுவும். ஆக நாமினி என்றால் 'பெயர் குறிக்கப்பட்டவர்'. அவ்வளவுதான். உரிமை, பங்கு, சொத்து எதுவும் அந்தச் சொல்லுக்குள் கிடையாது. கன்னடத்தில் 'நாமநிர்தேஷித' என்பார்கள். அதுவும் அப்படியே இதே அர்த்தம்.

புழக்கத்தில் இது இடத்துக்கு இடம் வேஷம் மாற்றும். தேர்தலில் நாமினேஷன் என்றால் வேட்புமனு. புதுச்சேரி சட்டசபையில் நாமினேட்டட் உறுப்பினர் என்றால் நியமன எம்.எல்.ஏ. ஆஸ்கரில் நாமினி என்றால் பரிந்துரைக்கப்பட்டவர். விருது கிடைத்தவர் அல்ல. இந்தக் கடைசி உதாரணத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் வந்துவிட்டதாலேயே கோப்பை கைக்கு வந்துவிடாது.

இனி, ஒரே அர்த்தம் என்று நாம் நினைத்துக்கொள்ளும் சொற்கள். ஏர் என்றால் வாரிசு, சட்டப்படி உரிமை உள்ளவர். லெகட்டீ என்றால் உயிலின்படி பெறுபவர். பெனிஃபீஷியரி என்றால் பயனாளி. டிரஸ்டீ என்றால் அறங்காவலர், பிறருக்காக வைத்துக் காப்பவர். வங்கி நாமினிக்கு இவற்றில் கிட்டத்தட்டப் பொருந்துவது கடைசிச் சொல் மட்டும்தான். நம் ஊர் வழக்கில் சொன்னால், கல்யாண வீட்டில் மொய் எழுத உட்காருகிறவர் மாதிரி. அத்தனை பணமும் அவர் கை வழியாகத்தான் போகும். அதற்காக அது அவர் பணமா?

இது நான் சொல்வதில்லை. சர்பதி தேவி எதிர் உஷா தேவி வழக்கில் 1983 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உயில் எழுதாமல் இறந்தவரின் இன்ஷூரன்ஸ் பணம், மனைவிதான் நாமினி, இறந்தவரின் தாயார் தன் பங்கைக் கேட்டார். நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கை மட்டுமே, வாரிசுகளின் உரிமை அப்படியே இருக்கும் என்பது தீர்ப்பு. எழுதியவர் கர்நாடகத்துக்காரரான நீதிபதி இ.எஸ்.வெங்கடராமையா, 1989இல் தலைமை நீதிபதியானவர். வங்கி டெபாசிட்டுக்கும் இதே நிலைதான் என்று 2010இலும், கம்பெனிப் பங்குகளுக்கும் இதே நிலைதான் என்று 2023இலும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இன்ஷூரன்ஸில் மட்டும் 2015இல் ஒரு திருத்தம் வந்தது. பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணத்தின் பயனும் அவர்களுக்கே என்கிறது அது. சரி, தீர்ந்தது என்று நினைத்தால், 2025இல் நம் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. கல்யாணத்துக்கு முன் பாலிசி எடுத்தவர் அம்மாவை நாமினியாகப் போட்டிருந்தார். மனைவி, குழந்தை வந்த பிறகும் மாற்றவில்லை. அவர் இறந்தபின் மாமியாரும் மருமகளும் கோர்ட்டில் நின்றார்கள். வாரிசுகள் உரிமை கேட்டால் வாரிசுச் சட்டமே செல்லும் என்று சொல்லி அம்மா, மனைவி, குழந்தை மூவருக்கும் மூன்றில் ஒரு பங்கு கொடுத்தது நீதிமன்றம்.

கணக்கு எப்படி என்று பார்க்கலாம். ஒருவர் உயில் இல்லாமல் எட்டு லட்சம் டெபாசிட் வைத்துவிட்டுப் போகிறார். மனைவி நாமினி, இரண்டு பிள்ளைகள், ஊரில் அம்மா. 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நால்வருக்கும் சம பங்கு, ஆளுக்கு இரண்டு லட்சம். வங்கி எட்டையும் மனைவி கையில் கொடுத்துவிடும். வங்கியின் பொறுப்பு அங்கே முடிந்தது. குடும்பத்தின் பொறுப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. "எம் பேர்லதானே எழுதியிருக்கு" என்று மருமகளும், "எம் புள்ள காசு" என்று மாமியாரும் பேச ஆரம்பித்தால், இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இரண்டு வீடுகள் பிறகு ஒட்டவே ஒட்டாது.

"அப்படின்னா நாமினேஷனே வேண்டாமா?" என்று கேட்காதீர்கள். கண்டிப்பாக வேண்டும். நாமினி இருந்தால் வாரிசுரிமைச் சான்று என்று கோர்ட்டுக்கு அலையாமல் பணம் கைக்கு வரும். வீட்டில் சாவு விழுந்த நேரத்தில் அது பெரிய உதவி. பத்து வருடம் கேட்பாரில்லாமல் கிடக்கும் டெபாசிட் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். பிறகும் கேட்டு வாங்கலாம், ஆனால் அலைச்சல்.

என் கவலை இப்போது கூடியிருக்கிறது. 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாகப் போடலாம். ஆளுக்கு இத்தனை சதவீதம் என்றும் எழுதலாம். நல்ல வசதிதான். ஆனால் சதவீதம் எழுதிவிட்டாலே சொத்தைப் பிரித்துவிட்டதாக நம்மவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அது உயில் அல்ல.

என்னைக் கேட்டால், ஒவ்வொரு வங்கிப் படிவத்திலும் அந்தக் கட்டத்துக்கு மேலே ஒரு வரி அச்சடிக்க வேண்டும்: 'நாமினி வாரிசு அல்ல, பணத்தைப் பெற்று உரியவர்களிடம் சேர்ப்பவர்.' தமிழிலும் கன்னடத்திலும். வாடிக்கையாளர் "வாரிசு" என்று சொன்னால், கவுண்டரில் இருப்பவர் ஒரு நிமிஷம் செலவழித்துத் திருத்த வேண்டும். அது அவர் வேலையில்லை என்று சொல்லும் சக ஊழியர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு. கல்யாணம், குழந்தை, மரணம் என்று வீட்டில் எது நடந்தாலும் நாமினி பெயரைச் சரிபாருங்கள். யாருக்கு எவ்வளவு என்ற எண்ணம் இருந்தால் உயில் எழுதுங்கள். வெள்ளைத்தாள் போதும், தமிழில் எழுதலாம், முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். உயில் என்றாலே அபசகுனம் என்று பார்க்கிறவர்கள், டேர்ம் இன்ஷூரன்ஸ் மட்டும் எந்த தைரியத்தில் எடுக்கிறார்களோ தெரியவில்லை!

பி.கு.: அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அப்பாவின் பாஸ்புக்கையும் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். நாமினி கட்டத்தில் பாட்டி பெயர் இருக்கலாம்.