முதல் தோட்டா கணக்கில் இல்லையாம்!

"முதல் குண்டு எப்பவும் தப்பாத்தான் போகும் தம்பி, குழல் இன்னும் சூடாகல."

என்.சி.சி.யில் ஒரு வருடம் காக்கி போட்டவர் யாராக இருந்தாலும் இந்த வசனத்தைக் கேட்டிருப்பீர்கள். ஃபயரிங் முடிந்து டார்கெட் தாளைப் பிரித்துப் பார்த்தால் நாலு ஓட்டை ஒரு பக்கம் இருக்கும். ஒரு ஓட்டை மட்டும் பந்தியில் கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி தனியாக ஓரத்தில் நிற்கும். உடனே சீனியர் அண்ணன் தீர்ப்பு சொல்லிவிடுவார்: "அது முதல் ரவுண்டுடா, விடு."

அண்ணே, ஒரே ஒரு கேள்வி. அது முதல் ரவுண்டு என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

.22 தோட்டா போடும் ஓட்டையின் அகலம் ஐந்தரை மில்லிமீட்டர்தான். 25 கஜத்தில் படுத்துக்கொண்டு வெறும் கண்ணால் அதைப் பார்க்க முடியாது. ஐந்தும் சுட்டு முடித்து, ரைஃபிளைக் காலி செய்து காட்டி, உத்தரவு வந்த பிறகுதான் தாளிடம் போகிறோம். ஐந்து ஓட்டையும் ஒரே மாதிரி இருக்கிறது. எந்த ஓட்டையிலும் "நான்தான் மூத்தவன்" என்று எழுதியிருக்காது. ஆக, தனியாக விழுந்தது முதல் குண்டு என்பது யாரும் பார்த்துச் சொன்ன விஷயமே இல்லை. தனியாக விழுந்ததால் அது முதல் குண்டு, முதல் குண்டு என்பதால் அது தனியாக விழுந்தது. என்ன ஒரு தர்க்கம் :-)

கொஞ்சம் கணக்கு போடுவோம் (பயப்படாதீர்கள், பிளஸ் டூ அளவுதான்). குழலுக்குச் சூடு, குளிர் என்று எந்தப் பாதிப்பும் இல்லை என்றே வையுங்கள். ஐந்து குண்டில் ஏதோ ஒன்று மற்றவற்றைவிடத் தள்ளித்தான் விழும். அது முதலாவதாக இருக்க ஐந்தில் ஒரு வாய்ப்பு. நூறு பேர் சுட்டால் சுமார் இருபது பேருக்கு, ஒரு காரணமும் இல்லாமலே, முதல் குண்டுதான் ஓரத்தில் இருக்கும். அந்த இருபது பேரும் டீக்கடையில் கதை சொல்வார்கள். மூன்றாவது குண்டு தள்ளிப் போன இருபது பேர் கதை சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் மூன்றாவது குண்டுக்கு நம்மிடம் பழமொழி இல்லை.

சரி, குளிர்ந்த குழல் என்பது முழுக் கட்டுக்கதையா? இல்லை. ஆனால் அது எங்கே உண்மை, எவ்வளவு உண்மை என்று பார்க்க வேண்டும்.

தோட்டா வெடிக்கும்போது குழல் சூடாகிறது, இரும்பு விரிகிறது. குழலின் சுவர் ஒரு பக்கம் தடிமன், ஒரு பக்கம் மெலிசு என்றிருந்தாலோ, செய்யும்போது வளைத்து நிமிர்த்திய இறுக்கம் உள்ளே மிச்சமிருந்தாலோ, விரிவது சமமாக இருக்காது. குழல் மயிரிழை அளவு கோணும். பழைய .303 மாதிரி முன்பக்கம் முழுக்க மரம் போர்த்திய ரைஃபிளில் இன்னொரு தொல்லை. மரம் ஈரத்துக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும், குழலை அமுக்கும். இவை நிஜம்தான். ஆனால் இதெல்லாம் பெரிய தோட்டாவின் கதை. இன்சாஸில் போடும் 5.56 தோட்டாவுக்குள் இருக்கும் மருந்து ஒன்றரை கிராமுக்கு மேல். நம் .22 டீலக்ஸில் போடுவதில் இருப்பது சுமார் பத்தில் ஒரு கிராம். அந்தச் சிட்டிகை மருந்தை ஐந்து முறை, அதுவும் நிறுத்தி நிதானமாக எரித்துக் குழலைச் சூடேற்றுகிறார்களாம்!

அதிலும் எங்கே? அரியலூர் மாவட்டத்தில். விக்கிரமங்கலத்தில் சித்திரை வெயிலில் வாசலில் நிறுத்திய சைக்கிள் ஹாண்டில்பாரைத் தொட்டுப் பார்த்தவருக்குத் தெரியும், நம் ஊரில் "குளிர்ந்த" இரும்பு எப்படி இருக்கும் என்று. கேம்ப்பில் காலை எட்டு மணியிலிருந்து வெயிலில் கிடக்கும் ரைஃபிளுக்கு, ஐந்து .22 குண்டு தருவதைவிட அதிகச் சூட்டைச் சூரியனே இலவசமாகக் கொடுத்துவிடுகிறார். தோட்டாவும் அதே வெயிலில்தான் கிடக்கிறது.

சரி, குழல் கோணினாலும் எவ்வளவு கோணும்? ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு விலகுகிறது என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். 25 கஜத்தில் அது சுமார் ஏழு மில்லிமீட்டர். நீங்கள் தனியாக விழுந்தது என்று காட்டும் ஓட்டை நாலு விரல் தள்ளி இருக்கிறது. மீதி தூரத்துக்கு யார் பொறுப்பு? குழல் அல்ல. தோள் இறுகி, மூச்சை மறந்து, சத்தத்துக்குப் பயந்து ட்ரிகரை வெடுக்கென்று இழுத்த ஆள்தான். சூடாகாதது குழல் இல்லை, நாம்.

இதற்கு மருந்தும் உண்டு. தோட்டா இல்லாமல் ட்ரிகர் இழுத்துப் பழகுவது. (.22-வை வெறும் சேம்பரில் அப்படி இழுக்கக் கூடாது. ஊசி சேம்பரின் விளிம்பில் அடித்துக் கெடுக்கும். டிரில் ரவுண்டோ காலிக் கேஸோ போட்டு, உஸ்தாத் பார்வையில் செய்ய வேண்டும்.) எத்தனை கேம்ப்பில் இது நடக்கிறது? பரேடுக்கு மூன்று மணி நேரம், ட்ரிகருக்கு மூன்று நிமிடம்.

இனி எனக்கு உண்மையாகவே கோபம் வரும் இடம்.

முதல் குண்டு விலக ஒரு நல்ல காரணம் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது சூடு அல்ல, எண்ணெய். ரைஃபிளைக் கொத்தில் வைக்கும் முன் குழலுக்குள் எண்ணெய் தடவுவார்கள், துருப் பிடிக்காமல் இருக்க. ஃபயரிங்குக்கு முன் புல்த்ரூவில் உலர்ந்த சிந்தித் துணியைக் கட்டி இழுத்து அதைச் சுத்தமாகத் துடைத்து எடுக்க வேண்டும் என்பது பாடத்திலேயே இருக்கிறது. அவசரத்தில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு அனுப்பினால் முதல் குண்டு எண்ணெயைத் தள்ளிக்கொண்டு போகிறது, எங்கோ போகிறது. சுத்தமாகத் துடைத்தாலும் .22-வுக்கு இன்னொரு குணம் உண்டு. அதன் ஈயக் குண்டின் மேல் மெழுகோ கொழுப்போ பூசியிருக்கும். நன்றாகத் துடைத்த குழலில் அந்தப் பூச்சு சீராகப் படியச் சில குண்டுகள் ஆகும். அதுவரை குண்டுகள் கொஞ்சம் அலையும்.

இப்போது சொல்லுங்கள், அந்தச் சில குண்டுகள் யாருடையவை? முதல் டீடெய்லில் படுப்பவர்களுடையவை. பெயர்ப் பட்டியல் ஆங்கில அகரவரிசை என்றால் அருண், அன்பு, ஆனந்த் வகையறா. அவர்கள் படிய வைத்த குழலில்தான் அப்புறம் செந்திலும் விஜயும் சுடுகிறார்கள். ஷூட்டிங் போட்டிக்கு ஆள் எடுப்பது அந்த ஒரே தாளை வைத்து. ஒரே ரைஃபிள், ஒரே நாள், ஆனால் ஒரே குழல் இல்லை. செந்தில் செலக்ட் ஆகிறான், அருணுக்கு "விடுடா, முதல் ரவுண்டு அப்படித்தான்" என்ற ஆறுதல் மட்டும் கிடைக்கிறது. அந்த வசனத்தின் உண்மையான வேலையே இதுதான். சிந்தியை ஒழுங்காக இழுக்காதவரைக் காப்பாற்றுவது.

உலகத்தில் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்? இரண்டே வழிதான். ஒன்று, போட்டிக்காரர்கள் வழி. ஒலிம்பிக் ரைஃபிள் போட்டிகளில் கணக்கில் சேரும் குண்டுகளுக்கு முன்னால், தயாராவதற்கும் பார்வைக் குண்டுகளுக்கும் சேர்த்துப் பதினைந்து நிமிடம் எல்லோருக்கும் பொதுவாகக் கொடுக்கிறார்கள். 2024 பாரீஸில் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வாங்கிய ஸ்வப்னில் குசாலேவுக்கும் உண்டு, கடைசி இடத்தில் வந்தவருக்கும் உண்டு. வெடிமருந்தே இல்லாத ஏர் ரைஃபிளுக்கும் உண்டு! அங்கே சூடாக என்ன இருக்கிறது? அந்தக் குண்டுகள் சூடேற்ற அல்ல, சரிபார்க்க. 2008 ஆகஸ்ட் 11 அன்று பெய்ஜிங் இறுதிச் சுற்றுக்கு முன் தன் ரைஃபிளின் சைட்டை யாரோ மாற்றிவிட்டதாக அபினவ் பிந்த்ரா பின்னர் எழுதியிருக்கிறார். பார்வைக் குண்டுகள் காட்டிக்கொடுத்தன, அவர் திருத்திக்கொண்டார், தங்கம் வந்தது.

இரண்டாவது, ஸ்னைப்பர்கள் வழி. அவர்களுக்கு நிஜ வேலையில் முதல் குண்டுக்குப் பிறகு வாய்ப்பே கிடையாது. அதனால் ஒவ்வொரு நாளும் குளிர்ந்த குழலின் முதல் குண்டு எங்கே விழுந்தது என்று நோட்டுப் புத்தகத்தில் தனியாகக் குறிக்கிறார்கள். விலகல் தினமும் ஒரே பக்கம் இருந்தால் அதற்கேற்ப சைட்டை வைத்துக்கொள்கிறார்கள். முதல் குண்டைத் தூக்கிப் போடுவதில்லை, அதைத்தான் முதலில் கணக்கெடுக்கிறார்கள்.

நாம் மட்டும் மூன்றாவது வழி. பார்வைக் குண்டும் கிடையாது, நோட்டும் கிடையாது, பழமொழி உண்டு.

இன்னொன்று. "முதல் ரவுண்டைச் சும்மா மண்மேட்டில் அடி, குழல் சூடாகட்டும்" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். சும்மா அடிக்கும் குண்டு என்று ஒன்று கிடையாது ஐயா. .22 குண்டே ஒன்றரை கிலோமீட்டர் தாண்டிப் போகக்கூடியது. 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே பசுமலைப்பட்டி சுடுதளத்தில் மத்தியப் படையினர் பயிற்சி செய்தபோது, தளத்துக்கு வெளியே வீட்டில் இருந்த பதினொரு வயதுப் பையன் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று இறந்துபோனான். அது சூடேற்றிய குண்டு என்று நான் சொல்லவில்லை. குறி இல்லாமல் ஒரு குண்டுகூட குழலை விட்டு வெளியே போகக் கூடாது என்று மட்டும் சொல்கிறேன்.

என்ன செய்யலாம்? செலவு ஒன்றும் பெரிதில்லை. சிந்தி மூன்று முறை, வெள்ளையாக வெளியே வரும்வரை. பிறகு முதல் டீடெய்லுக்கு முன், ஒவ்வொரு ரைஃபிளிலும் மூன்று ரவுண்டை உஸ்தாதே ஒரு தாளைக் குறிவைத்துச் சுடட்டும். பத்து ரைஃபிளுக்கு முப்பது ரவுண்டு. காலிக் கேஸைக்கூட எண்ணித் திருப்பிக் கொடுக்கும் இடத்தில் முப்பது ரவுண்டுக்குக் கணக்கு எழுத முடியாதா? அதுவும் முடியாது என்றால், தேர்வு நாளில் மட்டுமாவது டீடெய்ல் வரிசையைச் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள்.

நம் வகுப்புக்காரர்களுக்கு: அடுத்த ஃபயரிங்கில் உஸ்தாதிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டு, முதல் குண்டை மட்டும் தனித் தாளில் சுடுங்கள், மீதி நாலை அடுத்த தாளில். இரண்டு தாளிலும் ரைஃபிள் நம்பரையும், நீங்கள் எத்தனையாவது டீடெய்ல் என்பதையும் எழுதி என்னிடம் கொடுங்கள். ஐம்பது ஜோடி சேர்ந்ததும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து அளந்து இங்கேயே போடுகிறேன். அண்ணன்கள் சொன்னதுதான் சரி என்று வந்தாலும் போடுகிறேன்.