முதலீடு வருது சரி, தண்ணி எங்கே போகுது?

"அந்நிய முதலீடு வந்தால் வேலை வரும், வேலை வந்தால் ஊர் வளரும்." இப்படி பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியாச்சு. எந்த ஊர் வளரும்னு மட்டும் கேள்வித்தாளில் கேட்கவே இல்லை. தஞ்சாவூர்க்காரன் நான் கேட்கிறேன்.

மன்னார்குடியை எடுத்துக்குவோம். நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க 2010ல் மத்திய அரசு கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. 2011 ஜனவரியில் மாநில அரசும் கையெழுத்து போட்டது. இந்திய கம்பெனிதான், ஆனால் லண்டன் பங்குச் சந்தையில் பணம் திரட்டிய கம்பெனி. அங்கே காசு போட்டவருக்கு மன்னார்குடி எந்தத் திசையில் இருக்குன்னு தெரிய வேண்டிய அவசியமே இல்லை!

மீத்தேன் எப்படி வரும் தெரியுமா? நிலக்கரி அடுக்கில் இருக்கும் தண்ணீரை முதலில் இறைத்துக் கொட்டணும். அழுத்தம் குறைந்தால்தான் வாயு பிரியும். மேட்டூர் ஜூன் 12ல் திறக்காத வருஷங்களில் எங்க நாற்றங்காலுக்கு போர் தண்ணிதான் கதி. அந்த நிலத்தடியில்தான் கை வைக்கப் பார்த்தாங்க.

சரி, ஊருக்கு என்ன மிச்சம்? வாயு குழாயில் போயிடும். ராயல்டி மாநில அரசுக்கு, லாபம் பங்குதாரருக்கு. தோண்டி முடித்த கிணற்றைப் பார்த்துக்க நாலு பேர் போதும். ஒரு வேலி நிலத்தில் நடவு, களை, அறுப்பு, மூட்டை தூக்க, அரவை மில்லில் என்று எத்தனை வீட்டு அடுப்பு எரியுதுன்னு எண்ணிப் பாருங்க.

"அப்போ முதலீடே வேண்டாமா?"ன்னு கேட்பீங்க. நான் அப்படிச் சொல்லலை. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006ல் ஆலை திறந்தது, 2014ல் மூடியது. ஆயிரக்கணக்கானவங்க வேலை போச்சு, கொடுமைதான். ஆனால் பிறகு அதே ஆலையை சால்காம்ப் வாங்கியது. உப்பேறிப் போன நிலத்தடி நீரை வாங்க எந்தக் கம்பெனி வரும்?

இந்தத் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் 2013 டிசம்பர் 30ல் நம்மாழ்வார் ஐயா இறந்தார். 2015ல் மாநில அரசு திட்டத்துக்குத் தடை போட்டது. 2020ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. புதுக் கிணறுக்குத் தடை, நல்லது. ஆனால் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த எண்ணெய்க் கிணறுகளை அது தொடவில்லை.

முதலீட்டுக் கணக்கில் வருவதை மட்டும் கூட்டாதீங்க நண்பர்களே, போவதையும் கழிங்க. கழித்தல் மூணாங்கிளாஸ் பாடம்தானே?